மூன்றாம் எண் திரை

ஞாயிற்றுக்கிழமை மாலை மணி நான்கு பத்து. வெளியே, குடை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யவிடாத தூறல். உள்ளே, கட்டட நிறுவனமொன்றில் வரைபடம் போடும் அந்த மனிதர் மேசைக்கடியில் மண்டியிட்டுக்கொண்டு, ஆறு மணிக்குள் மூன்று மானிட்டர்களையும் ஒளிரவைத்தே தீருவதென்று சபதம் எடுத்திருந்தார்.

விளையாட்டுக்கென்றே வாங்கிய புதுக் கணினி அது. வீட்டில் மட்டும் 'ஆபீஸ் வேலைக்கு' என்று அறிமுகமாகியிருந்தது. அன்று ஆறரைக்கு, மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் இருபது ஆண்டுகளை நிறைவு செய்திருந்த அவர் மனைவிக்குப் பாராட்டு விழா. அதே ஆறரைக்கு இணையத்தில் அவர் அணிக்குப் போட்டி. "அவசர வரைபடம்மா, மேனேஜர் விடமாட்டார்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார். சொன்ன பொய் மாத்திரையைப் போலத் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டார்.

ஆனால் வலப்பக்க மானிட்டர் 'சிக்னல் இல்லை' என்று சாதித்தது. கணினியோ, மூன்று திரைகள் இருக்கின்றன என்று சத்தியம் செய்தது. அணைத்துப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். நண்பர்களோடு பேசும் சாட் பெட்டியைத் திறந்தால், திறந்ததற்கான ஓசை கேட்டது. பெட்டி கண்ணில் படவில்லை. குருட்டாம்போக்கில் நாலு வரி தட்டி அனுப்பினார். 'டிங்' என்று பதில் வந்தது. அதுவும் கண்ணில் படவில்லை.

ஐந்து மணிக்கு மனைவி அறை வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க, ஆபீஸ் வேலை ஆகுதா?"

"எங்க ஆகுது? மூணு இருக்குன்னு சொல்லுது, ரெண்டுதான் எரியுது."

"ரெண்டுல வரைய முடியாதா?"

"மூணு மாடிக் கட்டடம்மா. மாடிக்கு ஒரு திரை வேணாமா?"

"நல்லவேளை, பத்து மாடி குடுக்கல."

"சாஃப்ட்வேர்ல டிரைவர் பிரச்சினையா இருக்கும்."

"லீவு நாள்ல டிரைவர் எங்க கிடைப்பாரு, பாவம்!"

அந்தப் 'பாவம்' யாருக்கு என்று அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"எங்க டிபார்ட்மென்ட்ல படம் வரலைன்னா மெஷினைத் தட்ட மாட்டோம். படம் எங்க போச்சுன்னு தேடுவோம். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல 'ஐடென்டிஃபை'ன்னு ஒண்ணு இருக்கு பாருங்க. அதை அமுத்தினா ஒவ்வொரு திரையும் தன் நம்பரைக் காட்டும்."

"அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா திரை முன்னாடிதானே உக்காந்திருக்கேன். மூச்சை இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க. ம், அமுத்துங்க."

அமுக்கினார். இடப்பக்கத்தில் பெரிதாக ஒன்று. நடுவில் இரண்டு. வலப்பக்கத்தில் அதே இருட்டு. கூடத்தில் டிவி முன் உட்கார்ந்திருந்த மாமனாரின் குரல் மட்டும் கணீரென்று வந்தது.

"மாப்ள! டிவில பெருசா மூணுன்னு வந்திருக்கு! உங்க கடுதாசியை மறைக்குது!"

"என்ன கடுதாசி, மாமா?"

"நானும் எம் பொண்ணும் அரை மணியா படிச்சுட்டிருக்கோமே! 'வீட்ல ஏதோ விழாவாம். ஆபீஸ் வேலைன்னு சொல்லித் தப்பிச்சாச்சு. ஆறரைக்கு டான்னு வந்துடறேன். இந்த வீட்ல நான் வெச்சதுதான் சட்டம்.' கீழ யாரோ 'தலைவா'ன்னு எழுதியிருக்காங்க. யாரு மாப்ள, உங்க மேனேஜரா?"

பழைய கணினியில் படம் போட்டுக் கூடத்து டிவியில் பார்ப்பதற்காக, சுவர்த் துளை வழியே ஒரு கறுப்புக் கேபிளை இழுத்துவிட்டவர் அவரேதான். புது மானிட்டரின் கேபிளும் கறுப்பு. இரண்டில் எதைச் சொருகினார் என்பது இப்போது வீட்டுக்கே தெரிந்துவிட்டது.

அவர் காது மடல்கள் சுட்டன. நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. திட்டு விழும் என்று காத்திருந்தார். விழுந்திருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மனைவியோ குனிந்து, ஒரு கேபிளைப் பிடுங்கி, மற்றதைச் சொருகினார்.

"மூணும் எரியுது, பாருங்க. இனி நிம்மதியா வேலை பாருங்க" என்று சொல்லிவிட்டு, புடவை மாற்றப் போனார்.

மூன்றாவது திரை ஒளிர்ந்தது. 'ஏதோ விழாவாம்' என்று அவரே எழுதிய வார்த்தை, பளிச்சென்று, புள்ளி பிசகாமல் தெரிந்தது. அதைப் படித்ததும் அவருக்குத் தன் விரல்களைப் பார்க்கவே கூசியது. கணினியை அணைத்தார். சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றார். மனைவி 'வாங்க' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. குடையில் பாதியைக் கொடுத்தார்.

விழாவில் தலைமை மருத்துவர், "இந்த இருபது வருஷத்துல ஒரு நோயாளியைக்கூட இவங்க கூசிப்போக வெச்சதில்ல" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். இவர் கைகள் முழங்காலை விட்டு எழவில்லை.

மறுநாள் காலை மாமனார் டிவியைப் போட்டு, புதிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லையே என்று ஏமாந்தார். மனைவி வழக்கம்போல ஏழு மணி ஷிஃப்டுக்குப் போனார். இவர் தலையைத் தொங்கப்போட்டபடி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மேனேஜர் கூப்பிட்டார்.

"நேத்து மத்தியானம் மூணு மணிக்கு உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. விழா இருக்கு, சாயங்காலம் மட்டும் அவரை விட்டுடுங்க சார்னு கெஞ்சினாங்க. நான் வேலையே எதுவும் குடுக்கலையேம்மான்னேன்."



"அவங்க... என்ன சொன்னாங்க சார்?"

"'அதனால என்ன சார், இனிமே ஞாயித்துக்கிழமைதோறும் வேலை குடுங்க'ன்னாங்க."