கீறல் விழாத வண்டி

மனிதரில் வண்டி ஓட்டுகிறவர்கள், உட்கார்ந்து வருகிறவர்கள் என்று இரண்டு இனந்தான் உண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா பக்கம் வந்து பாருங்கள். மூன்றாவது இனம் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு தெருவோரம் நிற்கும். துடைக்கிறவர்கள்.

அடையாளம் காண்பது எளிது. பக்கத்தில் இரண்டு வாளி இருக்கும்; ஒன்றில் சோப்புத் தண்ணீர், மற்றதில் துணி அலசுகிற நல்ல தண்ணீர், மாற்றி முக்கினால் பெருங்குற்றம். துணியும் கடையில் வாங்கியது ஆகாது. நாலு வருடம் உடம்பில் கிடந்து நைந்த பருத்திப் பனியன்தான் வேண்டும். அது ஒருமுறை தரையில் விழுந்தால் மணல் ஒட்டியிருக்கும் என்று அன்றோடு அதற்குப் பணி ஓய்வு. கூரையில் தொடங்கிக் கீழே வருவார்கள், நேர்கோட்டில் தேய்ப்பார்கள், வட்டமாகத் தேய்க்கிறவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எல்லாம் முடிந்ததும் கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பானெட்டைத் தடவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்கூடப் பைக்குள் இருக்கும் விரலுக்குத் தட்டுப்படுமாம். தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் தொழுகை வரைக்கும் பொழுதை என்ன செய்வது?

ஓட்டுவார்களா? அதை மட்டும் கேட்காதீர்கள்.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி உஸ்தாத் ஷவ்கி. முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஆறுகள் எல்லாம் தெரியும், எந்தக் கரைக்கும் போனதில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கிய பச்சை ஃபியட். வெள்ளிதோறும் பத்து நிமிடம், ரத்த ஓட்டத்துக்காக, எஞ்சினை ஓடவிட்டு அணைப்பார். வானம் அந்த பானெட்டில் குனிந்து தலைவாரிக்கொண்டு போகும். பனியன்களில் பச்சை ஏறிக்கொண்டே வருகிறது. என் கணக்குப்படி பாதி வண்டி இப்போது துணியில் இருக்கிறது.

அவர் மனைவி இன்ஷிராஹ், முழங்கால் அறுவை முடிந்து தன்தா நகரில் படுத்திருக்கும் அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்கு மாதமாகக் கேட்கிறாள். இரண்டு மணி நேரப் பயணம். முதல் வாரம் புழுதிக் காற்று. அடுத்த வாரம் தூறல். அதற்கடுத்த வாரம் மெழுகு பூசி இன்னும் காயவில்லை.

"மினிபஸ்ல போயேன், இன்ஷிராஹ்."

"கார் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி மினிபஸ்ல போய் இறங்கினா அக்கா என்ன நினைப்பா? ஒண்ணு என்னைக் கூட்டிட்டுப் போ. இல்ல, அதை வித்துடு."

விற்கிறேன் என்று ஷவ்கி ஒப்புக்கொண்டதைக் கேட்டுத் தெருவே வாய் பிளந்தது. வியப்பதற்கு ஒன்றுமில்லை. வாங்க வருகிறவன் வாயால் ஒரு சொல் கேட்க வேண்டும் என்பதற்காக ஒப்புக்கொண்டார். ஃபப்ரீக்கா. அதாவது தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், அதற்கு மேல் இன்னொரு பூச்சு ஏறாதது. எங்கள் ஊரில் எஞ்சினைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். ஃபப்ரீக்காவைப் பற்றி ஒரு பொய் சொன்னால் காப்பிக் கடையில் தலைகாட்ட முடியாது.

தொழுகை முடிந்து ஹாஜி பஸ்யூனி வந்தார். விபத்து வண்டிகளுக்குத் தகடு தட்டுகிறவர், மகளுக்காகக் கார் தேடுகிறவர். வண்டியைச் சுற்றி வந்தார், கதவைத் தட்டிக் காது கொடுத்தார், பூச்சின் கனம் அறியப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து அங்கங்கே ஒட்டிப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"நல்லா அடிச்சிருக்காங்க. யாருகிட்ட குடுத்தீங்க?"

"என்னது?"

"பெயின்ட்டு."

"ஹாஜியாரே, இது ஃபப்ரீக்கா."

"உஸ்தாத், நாப்பது வருஷமா தகடு தட்டறேன். இருபத்தாறு வருஷ வண்டி இப்படி மின்னாது. என் மீசை எவ்வளவு கருப்பா இருக்கு பாருங்க. இது ஃபப்ரீக்காவா?"

எதிரே காப்பிக் கடையில் தாயம் உருட்டுவது நின்றது.

ஷவ்கி வாசலில் நின்ற மனைவி பக்கம் திரும்பினார். "இன்ஷிராஹ், அன்னிக்கு மோதிரத்தால கீறினியே, அதை இவருக்குக் காட்டு."

"அதைத்தான் பற்பசை போட்டு மூணு மாசம் தேய்ச்சு எடுத்துட்டியே."

"கீறல் இருந்தா அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்," என்றார் ஹாஜி. "ஒரு கீறல்கூட இல்லாத வண்டிய எப்படிங்க நம்பறது? வேணும்னா ஓரத்துல சின்னதா ஒண்ணு போட்டுப் பார்க்கட்டுமா?"

ஷவ்கி இரண்டு கையையும் விரித்துக் கதவோடு ஒட்டி நின்றார். பொய்யன் என்று பெயர் எடுப்பதா, ஒரு கோடா? விரித்த கை கதவை விட்டு எடுபடவில்லை. ஹாஜி காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்ஷிராஹ் வீட்டுச் சாவியை எடுத்தாள். வண்டியின் மறுபக்கம் போனாள். முன் கதவில் வைத்து, அவசரமில்லாமல், பின் விளக்கு வரைக்கும் இழுத்தாள். அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

ஹாஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "பச்சை. அடியில சாம்பல் கலர் பிரைமர். அதுக்கடியில தகடு. வேற ஒண்ணுமில்ல." நிமிர்ந்து, காப்பிக் கடைக்கும் சேர்த்துச் சொன்னார்: "ஃபப்ரீக்கா."

ஷவ்கி அழுதார். மகிழ்ச்சியா துக்கமா என்று தெரு இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறது.

"அப்ப விலை பேசலாமா?"

"விக்கறதுக்கில்ல, ஹாஜியாரே," என்றாள் இன்ஷிராஹ். "கோடுதான் விழுந்துடுச்சே, இனிமே ஓட்டலாம். ஷவ்கி, ஏறு."

ஏறினார். மறுநாள் திரும்பி வந்தபோது பச்சை எது, புழுதி எது என்று தெரியவில்லை. இருக்கையெல்லாம் தன்தா கடலை இனிப்பின் தூள். பானெட்டுப் புழுதியில் யாரோ ஒரு பொடிசு விரலால் வரைந்த ஒட்டகம்.

திருந்திவிட்டாரா? இனம் திருந்துமா? அடுத்த வெள்ளி இரண்டு வாளியும் வந்தன. அந்தக் கோட்டின்மேல் பற்பசை ஏறிக்கொண்டிருக்கிறது. மாடியில் ஜன்னல் கம்பியில், கைக்கு எட்டும் தூரத்தில், வீட்டுச் சாவி தொங்குகிறது.

போகட்டும். சாவி கதவில் இறங்கியபோது உங்களுக்கு யார் மேல் பரிதாபம் வந்தது? நாலு மாதம் காத்திருந்த இன்ஷிராஹ் மேலா, அந்தப் பச்சைப் பெயின்ட் மேலா? பெயின்ட் மேல் என்றால், உங்கள் வீட்டில் வேறொரு சாவியை வேறு யாரோ இப்போது தேடிக்கொண்டிருக்கலாம்.