படுக்கையில் சாகக் கூடாத மாவீரர்

உல்மார்க் நாட்டு மக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், மாவீரர் ஹெர்வால் அவர்கள் இன்று காலை இரண்டு முறை இருமினார். முதல் இருமல் சாதாரணமானது. இரண்டாவது இருமல் ஆராயப்பட்டு வருகிறது. மக்கள் அமைதி காக்க வேண்டும்.

இதைக் கொம்பு ஊதி, தெருத் தெருவாகச் சொன்னார்கள். அதுவரை அமைதியாகத்தான் இருந்தார்கள் மக்கள். கொம்புச் சத்தம் கேட்ட பிறகுதான் கலங்கிப் போனார்கள்.

உல்மார்க் என்பது வடகடலின் ஓரத்தில், வருடத்தில் பாதி நாள் சூரியன் எட்டிப் பார்க்காத ஒரு சின்ன நாடு. கருவாடு, கம்பளி, ஹெர்வால் இவை மூன்றும்தான் அதன் செல்வம். ஹெர்வால் வாலிபத்தில் ஒரு கடல் நாகத்தைக் கொன்றவர். அந்த நாகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது செத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். ஓடைக்கு அப்பால் நாற்பது பகைவரை ஒரே பகலில் தனியாளாக வெட்டிச் சாய்த்தார் என்றும் அவருடைய புகழ்ப்பாட்டு சொல்கிறது. அரசர் ஹால்தான் எந்தச் சட்டம் போட்டாலும் "ஹெர்வாலின் வாளின் பெயரால்" என்றுதான் தொடங்குவார். அதற்குப் பிறகு வருவதை யாரும் காதில் வாங்குவதில்லை என்பதால் ஆட்சி சுமுகமாக நடந்தது.

இப்போது ஹெர்வாலுக்கு வயது எண்பத்தொன்று.

உல்மார்க்கில் ஒரு நம்பிக்கை உண்டு. வாளால் செத்தவர்கள் மேலுலகத்து விருந்து மண்டபத்துக்குப் போவார்கள். நோயில் விழுந்து, வைக்கோல் மெத்தையில் படுத்துச் செத்தவர்கள் கீழுலகத்துக்குப் போவார்கள். அங்கே இருட்டு, குளிர், ஓயாத தூறல். கிட்டத்தட்ட உல்மார்க் மாதிரியேதான் இருக்குமாம். அதற்கு வைக்கோல் சாவு என்று பெயர். ஒரு மாவீரர் வைக்கோல் சாவு செத்தால் அவர் மாவீரரே இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் பாட்டு பொய், வாள் பொய், வாளின் பெயரால் போட்ட சட்டம் அத்தனையும் பொய். அரசர் ஹால்தானுக்கு அன்று முழுக்க சாப்பாடு இறங்கவில்லை.

அரசவை கூடியது. தலைமை அமைச்சர் தோர்கில், நீண்ட தாடியும் அதைவிட நீண்ட வாக்கியங்களும் உடையவர், எழுந்து நின்று முதல் ஆணையை வாசித்தார். நாட்டில் வைக்கோல் இருப்பதால்தான் வைக்கோல் சாவு நேர்கிறது. ஆகவே வைக்கோல் பறிமுதல் செய்யப்படும். மாலைக்குள் வீடு வீடாகப் போய் மெத்தைகளை அள்ளிக்கொண்டு வந்து சிறைச்சாலையில் அடைத்தார்கள். மக்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கப் பழகினார்கள். மாடுகள் பழகவில்லை. ஈரக் கல்லில் படுத்துப் படுத்து நான்காம் நாள் பால் வற்றியது. பிரசவத்துக்காவது மெத்தை தரலாமா என்று மருத்துவச்சிகள் கேட்டார்கள். பிறப்பது சாவில் சேராது என்பதை அரசவை ஒப்புக்கொள்கிறது, ஆனால் படுக்கும் விதம் ஒன்றுதான் என்று பதில் வந்தது.

அரண்மனை வைத்தியரை அழைத்து விசாரித்தார்கள். வெறும் சளிதான், மூன்று நாள் ஆவி பிடித்தால் சரியாகிவிடும் என்றார் அவர்.

"சரியாகி?" என்றார் தோர்கில்.

"எழுந்து நடப்பாருங்க."

"நடந்து?"

"நடந்து... சாப்பிடுவாரு, தூங்குவாரு. இன்னும் ரெண்டு மூணு வருஷம் இருப்பாரு."

"இருந்து?"

வைத்தியர் மருந்துப் பையைக் கட்டத் தொடங்கினார்.

"படுக்கையில. அதானே வைத்தியரே?" என்றார் தோர்கில். "உங்க கஷாயம் நாட்டை எங்க கொண்டு போய் விடுதுன்னு இப்பப் புரியுதா?"

இரண்டாவது ஆணை அன்றே வந்தது. மாவீரருக்கு மருந்து கொடுப்பது குற்றம். அவர் படுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டினார்கள். வாளை அவர் மடியில் வைத்தார்கள். இருமும்போதெல்லாம் வாள் கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி மடியில் வைக்க ஒரு காவலன் நியமிக்கப்பட்டான்.

இனி ஒரே வழி போர்தான். பக்கத்து நாட்டு அரசருக்கு ஓலை போனது. பதில் மரியாதையாகவே வந்தது. இது மீன் பருவம், ஆட்கள் எல்லோரும் கடலில் இருக்கிறார்கள், போரை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். மாவீரர் வெந்நீர் குடித்தால் நல்லது என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வரியை அரசவை வன்மையாகக் கண்டித்தது.

வெளியே பகைவர் கிடைக்காததால் உள்ளே தேடினார்கள். புகழ்ப்பாட்டைப் பிரித்துப் பார்த்தபோது பகைவர் ஓடைக்கு அப்பால் இருந்ததாகத் தெளிவாக இருந்தது. எந்த ஓடை என்று பாட்டில் இல்லை. நாட்டில் இருப்பதே ஒரு ஓடைதான் என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை. அதன் கிழக்குக் கரையில் நாற்பத்து மூன்று கருவாட்டுக் குடும்பங்கள் இருந்தன. நாற்றம் தாங்கவில்லை என்று மேற்குக் கரைக்காரர்கள்தான் இரண்டு தலைமுறைக்கு முன்னால் அவர்களை அங்கே அனுப்பி வைத்தவர்கள். மூன்றாவது ஆணையின்படி அந்த நாற்பத்து மூன்று குடும்பங்களும் அயல் நாட்டார் ஆனார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் நேரில் வந்து தெரிவிக்கலாம் என்றும் ஆணை பெருந்தன்மையோடு சொன்னது.

நாற்பத்து இரண்டு வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. ஆர்னே என்ற ஒரே ஒருவன் கையைக் கழுவிக்கொண்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஓடையைத் தாண்டி வந்து தன் ஆட்சேபத்தைச் சொன்னான். தன் தகப்பன் இங்கே பிறந்தவர், தானும் இங்கேதான் பிறந்தவன், ஹெர்வாலின் பெயரைச் சொல்லித்தான் படகு இறக்குபவன் என்றான். அரசவை பொறுமையாகக் கேட்டது. நாட்டின் ஆணையை எதிர்ப்பவன் என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமான ஒரே ஆள் அவன்தான் என்பதால், பகைவனாக அவனையே நியமித்தார்கள்.

மறுநாள் ஆர்னேயின் மனைவி சிக்னி தலைமை அமைச்சரைப் பார்க்க வந்தாள். காலையிலிருந்து நிற்க வைத்து, மதியத்துக்கு மேல்தான் உள்ளே விட்டார்கள்.

"எங்க வீட்டுக்காரரு என்ன தப்புப் பண்ணிட்டாருங்கய்யா?"

"தப்பு எதுவும் இல்லம்மா. பகைவனா நியமிச்சிருக்கோம். அது ஒரு பொறுப்பு."

"சண்டையில அவரு மாவீரரைக் கொன்னுட்டா?"

"மாவீரரைக் கொன்ன குத்தத்துக்குத் தூக்கு."

"கொல்லாம நின்னுட்டா?"

"மாவீரரை வைக்கோல் சாவுக்கு விட்ட துரோகம். அதுக்கும் தூக்குதான்."

"மாவீரரு இவரைக் கொன்னுட்டா?"

"அது வெற்றி."

"அப்பவும் அவரு பொறவு படுக்கையிலதானேய்யா சாவாரு?"

தோர்கில் தாடியைத் தடவினார். அவர் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய வாக்கியத்தை அன்றுதான் பேசினார். "அது இன்னும் சபைக்கு வரல."

சவால் விட்ட மூன்றாம் நாள்தான் சண்டை நடக்க வேண்டும், அதுவரை பகைவன் காவலில் இருக்க வேண்டும் என்பது உல்மார்க்கின் பழைய முறை. சிறைச்சாலை முழுக்க வைக்கோல். பூட்டுப் போடத்தக்க வேறு கட்டடம் ஹெர்வாலின் மாளிகை ஒன்றுதான். ஆகவே பகைவனை அங்கேயே அடைத்தார்கள்.

ஆர்னே உள்ளே போனபோது, பாட்டில் கேட்ட மனிதர் அங்கே இல்லை. நாற்காலியில் கட்டப்பட்ட ஒரு கிழவர் நடுங்கிக்கொண்டிருந்தார். மூக்கைத் துடைக்கக் கை எட்டவில்லை. ஒன்பது நாளாக யாரும் ஒரு வாய் வெந்நீர் கொடுக்கவில்லை. அவர் மூச்சு, ஓட்டைப் படகில் தண்ணீர் ஏறுவது போலச் சத்தம் போட்டது. இந்த மூச்சு மூன்றாம் நாளுக்கு முன்னால் நின்றால் பழி தன் கழுத்துக்குத்தான் வரும்.

சிக்னி கதவிடுக்கில் சாப்பாடு கொடுக்க வந்தபோது இருவரும் தாழ்ந்த குரலில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிழவரைக் குணப்படுத்திவிட வேண்டும். தன் காலில் நடந்து வருகிற மனிதரைச் சாகடிக்க யார் அவசரப்படுவார்கள்? மாவீரருக்கு மருந்து கொடுப்பதுதான் குற்றம். பகைவன் வீட்டிலிருந்து பகைவனுக்கு வரும் கஞ்சியைத் தடுக்கச் சட்டம் இல்லை. காவலன் யோசித்துப் பார்த்துவிட்டு அது சரிதான் என்றான். அவனுக்கும் வாளைக் குனிந்து குனிந்து எடுத்து இடுப்பு வலித்தது.

மூன்று நாளும் மீன் தலை போட்டுக் காய்ச்சிய கஞ்சி வந்தது. தெற்கேயிருந்து வந்த கப்பலில் வாங்கி, ஒரு கல்யாணத்துக்கென்று சிக்னி முடிந்து வைத்திருந்த மிளகு அத்தனையையும் தட்டிப் போட்டிருந்தாள். ஆர்னே கிழவரின் கட்டுகளை அவிழ்த்துவிட்டு, தன் போர்வையைத் தலைக்கு மேல் போர்த்தி ஆவி பிடிக்க வைத்தான். உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கச் சொன்னான். கிழவர் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கியபோது, ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய் வெளியே வரும்வரை தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் ஹெர்வாலுக்குக் குரல் திரும்பியது.

"நாப்பது பேருன்னு பாடுறானுங்களே தம்பி, அது நாலு பேரு. அதுலயும் ஒருத்தன் நம்ம ஆளு. பனி மூட்டத்துல தெரியல" என்றார்.

நாளைக்குச் சண்டையில் தன்னை என்ன செய்வார் என்று ஆர்னே கேட்டான்.

"உன் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு உன்மேல கை வைப்பேனா? நான் வெளிய வருவேன். நீ வாளைக் கீழ போட்டுட்டு மண்டி போடு. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்றேன். நீ வீட்டுக்குப் போ, நான் போய்ப் படுக்கிறேன். எனக்கு வேண்டியது ஒரு தூக்கம்தான்யா."

வாளின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஆர்னே அதைக் கதவிடுக்கு வழியாகச் சிக்னியிடம் சொன்னான். அவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். வார்த்தை மாறாமல் மறுபடியும் சொன்னான்.

மூன்றாம் நாள் கடற்கரையில் கழி நட்டுக் களம் அமைத்திருந்தார்கள். நாடே வந்திருந்தது. பதின்மூன்று நாளாக உட்கார்ந்தே தூங்கியவர்கள், சிவந்த கண்ணோடு நின்றுகொண்டிருந்தார்கள். மாவீரரைப் பல்லக்கில் தூக்கி வந்து, இரண்டு பேர் பின்னால் நின்று தாங்கிப் பிடிப்பதாக ஏற்பாடு. அழுவதற்கு ஆறு பெண்களும் தயாராக இருந்தார்கள்.

ஹெர்வால் நடந்து வந்தார்.

முதலில் ஒரு குரல் எழுந்தது, பிறகு பத்து, பிறகு கடல் சத்தமே கேட்காத அளவுக்குக் கூட்டம் முழங்கியது. நின்றுவிடும் என்று நினைத்தார்கள், நிற்கவில்லை. நாற்பது வருடமாக அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்ததில்லை. வளைந்த முதுகு நிமிர்ந்தது. சிக்னி முன்வரிசையில் இருந்தாள். கிழவரின் பார்வை ஆர்னேமேல் இல்லை, கூட்டத்தின் மேல் இருக்கிறது என்பதை அவள்தான் முதலில் கவனித்தாள். மண்டி போடாதீங்க என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள். ஆனால் அந்த முழக்கத்தில் யார் குரல் யாருக்குக் கேட்கும்?

ஆர்னே பேசி வைத்தபடியே வாளைக் கீழே போட்டான். பேசி வைத்தபடியே மண்டி போட்டான். ஹெர்வாலின் வாள் அவன் கழுத்தில் இறங்கியது; ஒரே வெட்டு. சுத்தமான வெட்டு என்று விஷயம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு சிக்னி ஹெர்வாலின் எதிரே போய் நின்றாள். கிழவர்தான் பேசினார்.

"என்னம்மா பண்றது. கூட்டம் அப்படிக் கத்திச்சு."

கொஞ்சம் பொறுத்து, நாளைக்கும் கஞ்சி வருமா என்று கேட்டார்.

புகழ்ப்பாட்டில் நாற்பது என்பது நாற்பத்தொன்று ஆனது. மெத்தைகள் திரும்பி வந்தன, வைக்கோல் அழுகியிருந்தது. ஒவ்வொரு ஆண்டும் மாவீரருக்கு ஒரு பகைவன் கிடைத்தால் அவர் படுக்கையில் விழ நேரமே இருக்காது, ஆகவே சிக்னி கேட்ட கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது என்று தோர்கில் சபையில் தெரிவித்தார். சபை மேசையைத் தட்டி வரவேற்றது.

அந்த வாரமே நாற்பத்து மூன்று கருவாட்டுக் குடும்பங்களும் சட்டி பானைகளைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஓடையைத் தாண்டி மேற்குக் கரைக்குக் குடி வந்துவிட்டன. சிக்னி கடைசியாக வந்தாள். கோட்டைச் சுவரை ஒட்டி, கிடைத்த இடத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். இனி தங்களை யாரும் அயலார் என்று சொல்ல முடியாது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அரசவை அவசரமாகக் கூடியது. கிழக்கே ஒருவரும் இல்லை. பகைவரே இல்லாத நாடு எப்படி நாடாகும் என்று அரசர் கலங்கினார். குடிமக்கள் விரும்பிய இடத்தில் வசிப்பதை அரசு ஒருபோதும் தடுக்காது என்று தோர்கில் நெடுநேரம் விளக்கினார். ஆனால் ஓடை குடிமகன் அல்ல. அது ஓட வேண்டிய இடத்தை அரசுதான் தீர்மானிக்க வேண்டும் என்றார்.

வேலை திங்கட்கிழமை தொடங்கியது. முதல் மண்ணை மாவீரர் வெட்டினார்.

புதிய ஓடை சிக்னியின் குடிசைக்கு மேற்கே ஓடுகிறது.