பால் பெட்டியும் அத்தையின் மூடிய பையும்

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று அவள் சொன்னாள். சந்தோஷம். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது. போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன மாதம் உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் கொடுத்த நோட்டீஸ் நினைவிருக்கும். பால் பெட்டி மறுபடி ஐந்து டிகிரியைத் தாண்டினால் கடைக்குப் பூட்டு. எந்த நாளும் சொல்லாமல் வந்து நிற்பார். அதனால்தானே ஏ.சி., ஃப்ரிட்ஜ் வேலை படித்த என்னிடம் கடையை ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள்? முதல் நாளே உங்கள் வெப்பநிலை நோட்டைப் புரட்டினேன். இன்னும் வராத இரண்டு மாதத்துக்கும் தேதிவாரியாக 'நாலு' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். இது என்ன நோட்டு, ஜாதகமா? தூக்கி மூலையில் போட்டுவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தரம் தானே குறித்துக்கொள்ளும் என் மீட்டரைப் பெட்டியின் வெளியே மாட்டி, அதன் முனையை உள்ளே விட்டேன். பாட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் சாப்பிடப் போகுமுன் மறக்காமல் சார்ஜில் போட்டுவிட்டுப் போகிறேன். அவ்வளவு கவனம்.

கதவு ரப்பர், கேஸ், கம்ப்ரசர் எல்லாம் பார்த்தாயிற்று, ஒரு குறையும் இல்லை. ஆனால் தினமும் ஒரு மணிக்கு நாலில் இருக்கும் பெட்டி, பின்னால் வீட்டில் நான் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் ஒன்பதில் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரம் கடையில் இருப்பது அத்தை மட்டும். நான் யாரையும் சும்மா சொல்கிறவன் இல்லை, அதனால் கதவில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டுப் போனேன், வந்து பார்த்தால் கிழிந்து கிடக்கிறது. மறுநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், அத்தை ஒரு பெரிய பையைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்வாசல் பக்கம் போகிறார், அரை மணியில் அதே பையோடு திரும்புகிறார், முகத்தில் ஒரு சலனம் இல்லை மாமா. பழகின கை.

நேராகவே கேட்டுவிட்டேன்.

"பெட்டியைத் திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"எதுக்கு?"

"உன் மிஷின்தான் எல்லாத்தையும் எழுதுதே, அதையே கேளு."

முதல் நாள் நான் சொன்னதை மனதில் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. கரண்ட் சம்பந்தப்பட்ட எதையும் தொடக் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது, அது படித்தவன் வேலை என்று சொல்லியிருந்தேன். உண்மையைத்தானே சொன்னேன். கடையை மூடித் தொலைங்க என்று வருஷக்கணக்காக உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்களாக மூடமாட்டீர்கள் என்று தெரிந்து, அத்தை ஆய்வாளர் கையால் மூட வைக்கப் பார்க்கிறார். எனக்குச் சந்தேகமே இல்லை.

காலை மடக்காதீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் என் அன்பு, அத்தை நீங்கலாக.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார், மதியம் ஒன்றரைக்கு. எச்சில் கையோடு ஓடினேன். மீட்டரில் ஏழரை. பெட்டியைத் திறந்தால் ஒரு பாக்கெட் பால் இல்லை. அவர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மூட்டையை நகர்த்தி, தரையில் கிடந்த பிளக்கை எடுத்து இது எதனுடையது என்று கேட்டார். பெயர்ப்பலகை விளக்கு என்றேன். அங்கே இருக்கிற ஒரே பாயிண்டில் என் சார்ஜரைப் போட அதைத்தான் தினமும் பிடுங்கி வைத்து, சாப்பிட்டு வந்ததும் திரும்பச் செருகுவேன். அவர் சார்ஜரை உருவிவிட்டு அதைச் செருகினார். பால் பெட்டி உறுமியது.

உங்களுக்குத் தெரியுமா என்று அத்தையைக் கேட்டார்.

"முதல் நாளே தெரியும் சார். ஆனா கரண்ட்டைப் பத்தி நான் பேசக் கூடாதுன்னு உத்தரவு. இவன்தான் படிச்சவன்."

தினமும் பெட்டி விளக்கு அணைந்ததும் பாலை வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மாற்றி, நான் வருமுன் திரும்பக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார். ஆய்வாளர் வீட்டுக்குள் வந்து பாலின் வெப்பநிலையை அளந்தார். நாலு. இன்றைய தேதிக்கு உங்கள் நோட்டில் இருந்ததும் அதுதான். கடை பிழைத்தது. அறிக்கையில் பால் பெட்டிக்குப் பொறுப்பாளர் அத்தை என்று எழுதி, பிளக் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் மட்டும் போகவும் என்று சேர்த்திருக்கிறார்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அத்தை பிடுங்கிப் படித்துவிட்டு, "அப்படியே அனுப்பு. முப்பது வருஷமா உன் மாமாவும் இப்படித்தான் கண்டுபிடிச்சுக்கிட்டு இருக்காரு, துணைக்கு ஆள் கிடைச்ச சந்தோஷம் இருக்கும்" என்றார். ஸ்டாம்பையும் அவரே ஒட்டினார்.