இன்றைய சொல் இன்னும் செலவாகவில்லை

மனிதர்களில் தினமொரு சொல்லர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலையில் பல் துலக்கும்போதே புதிய ஆங்கிலச் சொல் ஒன்றை வாயில் போட்டுக் கொப்பளிப்பார். அதன் பொருளைக் கண்ணாடியிடம் ஒப்பிப்பார். பிறகு சட்டையை மாட்டி, தலையை வாரி, அதைச் செலவழிக்க ஆள் தேடித் தெருவில் இறங்குவார். அகராதியில் கிடக்கும்வரை சொல் அகராதிக்குத்தான் சொந்தம், மூன்று பேரிடம் சொன்ன பிறகுதான் நமக்குச் சொந்தம் என்று அவருடைய கைப்பேசியில் தினமொரு சொல் தரும் செயலி சொல்லிக்கொடுத்திருக்கிறது. பொருள் தெரிந்தால் போதாதாம், சந்தர்ப்பம் வேண்டுமாம். சந்தர்ப்பம் தானாக வராவிட்டால் என்ன செய்வது? வீடும் அலுவலகமும் பிறகு எதற்கு இருக்கின்றன?

நம்மவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அங்கே புகார் தொலைபேசியை எடுப்பது அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை. தற்காலிக வேலை. ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஓர் அம்மாள் அழைத்தார். "ஃபேன் ஓடுதாம்மா? அப்பக் கவலையே இல்ல. கதவைத் தொடாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று மச்சினி பேசிக்கொண்டிருந்தபோது நம்மவர் ரிசீவரைக் கேட்டு வாங்கினார்.

"அம்மா, உங்களுக்குக் க்ளாஸ்ட்ரோஃபோபியா இருக்கா?"

"அப்படின்னா என்னங்க?"

சொன்னார். பொறுமையாக, உதாரணத்தோடு சொன்னார். அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டும், சுவரெல்லாம் நெருங்கி வருகிற மாதிரி இருக்கும், இனிமேல் வெளியே வரவே முடியாது என்று தோன்றும். அதுவரை அந்த அம்மாளுக்கு அது இல்லை. கேட்டு முடித்ததும் வந்துவிட்டது. அலறல் அடுத்த மேசைவரை கேட்டது. மச்சினி ரிசீவரைப் பிடுங்கி, மெக்கானிக் போய்ச் சேரும்வரை அந்த அம்மாளின் பேத்தி கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நம்மவர் கைப்பேசியில் 'ஒன்று' என்று தட்டிக்கொண்டார்.

தீய மனிதர் அல்லர். சேகரிப்பவர், அவ்வளவுதான். ஒரு திங்கட்கிழமை அவருக்கு 'இன்டிஸ்பென்சபிள்' வந்தது. இல்லாமல் முடியாதது, ஈடு செய்ய இயலாதது என்று பொருள். எவ்வளவு பெரிய சொல்! அதைக் குடைக்கு ஒன்று, ஸ்டேப்ளருக்கு ஒன்று, கண்ணாடி துடைக்கும் துணிக்கு ஒன்று என்று மதியத்துக்குள் தீர்த்துவிட்டார்.

மறுநாள் 'மீடியோக்கர்.' நல்லது என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் தள்ள முடியாது, சுமார். காலைச் சாப்பாட்டுத் தட்டை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மனைவி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அந்தத் தட்டைப் பாத்து இங்கிலீஷ்ல ஏதாவது சொன்னீங்க, நாளையிலிருந்து நீங்களே சமைச்சுக்குங்க."

சொல்லையும் சேர்த்து விழுங்கினார். போகிற வழியில் பக்கத்து வீட்டுக்காரரின் புதுத் திரைச்சீலைக்கு ஒன்றைக் கொடுத்தார். அலுவலகத்துத் தேநீருக்கு இன்னொன்று. மூன்றாவது கிடைக்கவில்லை. அவர் நாற்காலியை விட்டு எழுந்தாலே ஆட்கள் கழிப்பறைக்குப் போனார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சொல்லைச் செலவழிக்காமல் வீடு திரும்பிய பழக்கம் அவருக்கு இல்லை.

அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டார்.

"போன்ல இருக்கிற பொண்ணை நிரந்தரம் பண்ணலாமா, இந்த மாசத்தோட அனுப்பிடலாமா? உங்க மச்சினின்னு தெரியும். இருந்தாலும் நீங்க பூசி மெழுக மாட்டீங்கன்னுதான் கேக்கிறேன்."

அவளைப்போல அந்த வேலையைச் செய்ய ஆள் கிடையாது என்பது நம்மவருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் தொண்டையில் காலையிலிருந்து ஒன்று காத்துக்கொண்டிருந்ததே, அது முந்திக்கொண்டது.

"மோசமில்ல சார். ஆனா, கொஞ்சம் மீடியோக்கர்."

அடடா, என்ன பொருத்தம்! அத்தனை வருடத்தில் எந்தச் சொல்லும் எந்த வாக்கியத்திலும் இப்படிப் போய் உட்கார்ந்ததில்லை. "சொந்தம்னு பாக்காம சொன்னீங்க பாருங்க" என்று மேனேஜர் கையைக்கூடக் குலுக்கினார். வெளியே வந்து மூன்று என்று தட்டியதும் கைப்பேசித் திரையில் வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன. இந்தச் சொல் இனி உங்களுடையது!

அன்று மாலை மச்சினி நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"அத்தான், மீடியோக்கர்னா என்ன?"

பழக்கதோஷம். கேட்டதும் முகம் மலர்ந்து பொருளைச் சொல்லத் தொடங்கியவர், பாதியில் அவள் கண்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மேனேஜர் சொன்னார். இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டார். நாளைக்கு மத்தியானம் கடிதம் தர்றாராம். நீங்களே சொன்னீங்களாம், ஆள் மீடியோக்கர்னு."

மனைவி அடுப்பை அணைத்தாள். "என்னங்க, இன்னிக்கு வார்த்தை என்ன?"

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"கேக்கிறேன்ல?"

"அதான்."

"நேத்து?"

குடையும் ஸ்டேப்ளரும் அவர் நினைவுக்கு வந்தன. சொன்னார். பொருளும், அது எதற்கெல்லாம் போனது என்பதும் சொல்ல வேண்டியதாயிற்று.

மச்சினி சிரித்தாள். அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஒருநாள் தள்ளி மாட்டிக்கிட்டேன் அத்தான். திங்கட்கிழமை கேட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்."

"அப்பவும் ஸ்டேப்ளருக்கு அப்புறம்தான்டி நீ" என்றாள் அக்கா.

மறுநாள் காலை அவர் கைப்பேசியைத் திறக்கவில்லை. மேனேஜர் அறை வாசலில் நின்று, செய்ததற்கு ஒரு பெயர் தேடினார். சொல்லுக்கா பஞ்சம்? எர்ரர், லாப்ஸ், ஓவர்சைட், மிஸ்ஜட்ஜ்மென்ட் என்று வரிசையாக வந்து நின்றன. எல்லாமே இஸ்திரி போட்ட சட்டை மாட்டியிருந்தன. எதைச் சொன்னாலும் தப்புச் செய்தவர் வேறு யாரோ மாதிரி இருந்தது. கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் உள்ளே போனார்.

"சார், நேத்து நான் சொன்னது பொய். அந்த வார்த்தை மிச்சம் இருந்துச்சு. அதான் சொன்னேன். அந்தப் பொண்ணு மாதிரி வேற ஆள் கிடைக்காது."

தினமும் ஒரு சொல் புதிதாகக் கற்பதையும், அதை அன்றே மூன்று பேரிடம் சொல்லியாக வேண்டும் என்பதையும் விளக்கினார்.  மேனேஜர் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்த கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நம்மவர் மூச்சு விட்டார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் மேனேஜர். "போன வருஷம் நம்ம ஸ்டோர்கீப்பரைப் பத்தி, ஆளுக்குத் திறமை பத்தாது, 'இன்காம்பிடன்ட்'னு சொன்னீங்களே. அதைக் கேட்டுத்தான் அவரை அனுப்பினேன். அன்னிக்கு வார்த்தை என்ன?"

பழைய சொற்களெல்லாம் தேதியோடு கைப்பேசியில் இருக்கின்றன. சட்டைப்பைக்குள் கையை விட்டால் போதும்.

நம்மவர் கையை விடவில்லை.

இனி உங்களிடம். இதைப் படித்துக்கொண்டே வந்தீர்கள். நடுவில் ஒரு சொல்லைப் பொருளோடு மனதில் எடுத்து வைத்துக்கொண்டீர்கள், இல்லையா? அதைச் சொல்லிப்பார்க்கத் தோதாக ஒருவர் முகமும் வந்து போயிருக்குமே. அவர் பாவம், ஒன்றும் அறியாமல் ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் பொழுது சாயவில்லை.