நீலக்கல் ஜன்னலும் மைதிலியின் ராசியும்

வீரபாண்டி,
12.6.2007

மரியாதைக்குரிய மச்சான் பொன்னுச்சாமி அவர்களுக்கு, மச்சினன் லிங்கசாமி கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி தெய்வாத்தாளும் பனியன் பஞ்சைச் சுவாசித்துக்கொண்டு சௌக்கியம். மூலனூரில் நீங்களும் என் அக்காவும் முருங்கைக்காய் விலையும் நல்லபடியாக இருக்கச் சாமி துணை.

அக்கா உத்தரவுப்படி பெங்களூர் போய் உங்கள் மகள் மைதிலியைப் பார்த்துவிட்டு வந்தேன். "அவ ராசிக்கு நீலக்கல் ஆகாதுன்னு ஜோசியர் சொல்லீருக்காரு. இவ போன்ல நீலக்கல் ஜன்னல் போடறேங்கறா. தொட்டான்னா படிப்பே வேண்டாம், கையோட கூட்டியாந்துரு" என்று அக்கா போட்ட சத்தத்தில், பிள்ளை ஏதோ மாளிகை கட்டுகிறாள் என்றே நினைத்துப் போனேன். அங்கே பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் கண்ணாடி வில்லை! சின்ன டப்பிக்குள் ஒரு துளி மருந்து, பனியன் துணியில் பிசிறு எடுக்கப் போடுவோமே அந்த மருந்துதான், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு வில்லை, அதுதான் ஜன்னலாம். சாயப்பட்டறையில் ஈரத்துணியைச் சுற்றிப் பிழிகிற ஹைட்ரோ மெஷினுக்குப் பேத்தி மாதிரி ஒரு மெஷின், வேகம் மட்டும் பாட்டியைப் போல் பல மடங்கு, அதில் டப்பியைச் சுற்றவிட்டு, மருந்து எவ்வளவு வேகமாக ஓரம் ஒதுங்குகிறது என்று ஜன்னல் வழியே வெளிச்சம் அனுப்பிப் படம் எடுக்கிறாள்.

"ஸ்படிக ஜன்னலும் இருக்குதுங்க மாமா. ஆனா இந்த வேகத்துல அது நெளியும், படம் கெட்டுரும். நீலக்கல்லு அசையாதுங்க."

"ஏங்கண்ணு, நீலக்கல்லுங்கறே, தண்ணியாட்ட வெளுத்துக் கெடக்குது?"

"சுத்தமான கல்லு இப்படித்தானுங்க மாமா."

"அப்ப சனீஸ்வரனுக்கே அடையாளம் தெரியாது போ!"

மெஷின் அவளுக்கு அன்று ஒரு நாள்தான், விட்டால் அடுத்த முறை எப்போதோ. உதவி செய்யலாமே என்று பையிலிருந்த பனியன் வேஸ்ட்டை எடுத்து வில்லையைத் துடைத்தேன். "மாமா!" என்று ஒரு கத்து. பஞ்சு ஒட்டிக்கொண்டதாம், மறுபடி கழுவினாள். பிறகு டப்பியில் இருக்கிற கோட்டையும் மெஷின் சக்கரத்துக் கோட்டையும் நேருக்கு நேர் வைக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நேராத்தான இருக்குது?"

"இல்லீங்க மாமா, மயிரிழை சாஞ்சிருக்குது. மருந்து செவுத்துல மோதிக் கணக்கே தப்பாயிரும்."

"இத்தனை சாஞ்சதையெல்லாம் எங்க கம்பெனில பாஸ் பண்ணி ஜெர்மனிக்கே அனுப்பீருவோம்."

"அதுதானுங்க திரும்பி வருது."

வாய் உங்கள் வம்சம், மச்சான். ஆனாலும் அக்கா சொல்லை நான் தட்டவில்லை. கண்டிப்பாகச் சொல்லி ஸ்படிகத்தையே போட வைத்தேன், மெஷினும் ஓடியது. ஆகவே பிள்ளையைக் கூட்டி வர வேண்டிய அவசியமில்லை, அக்கா நிம்மதியாகத் தூங்கட்டும்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சினன்
லிங்கசாமி

பி.கு.: அக்காவுக்கு வாசித்துக் காட்டும்போது என் பெயரோடு நிறுத்திவிடுங்கள். ஸ்படிகம் போட்டது நிஜம். வேகம் ஏறியதும் படம் நெளிந்ததும் நிஜம். பிள்ளை மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. "போடு கண்ணு உன் நீலக்கல்ல, உங்கம்மாளை நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டேன். பொழுது சாய்வதற்குள் படம் பளிச்சென்று வந்துவிட்டது, அவளுடைய பெரிய வாத்தியாரே எழுந்து வந்து பார்த்தார். அக்கா தொடக் கூடாது என்றுதானே சொன்னாள்? ரேகை படக் கூடாதென்று பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டுதான் எடுத்தாள், தொடவே இல்லை. அக்கா சத்தியம் கேட்டால் தைரியமாகச் செய்யுங்கள். உங்கள் தலைமேல் செய்யுங்கள், என் தலை வேண்டாம்.