அழுகிற கொடியம்மன்

மாட்டுங்கா லேபர் கேம்பில் ஒரு செடி அழுதது. மனுஷன் அழுதால் பக்கத்து வீட்டுக்காரன்கூட எட்டிப் பார்ப்பதில்லை. செடி அழுதால் கோவண்டியிலிருந்து கூட்டம் வருகிறது. டோம்பிவிலிக்காரர்கள் முதல் லோக்கல் ரயிலைப் பிடிக்கிறார்கள்.

தொட்டியில் நட்ட கம்பைப் பற்றி ஆள் உயரம் ஏறிய கொடி. முறம் அகல இலை, இலையெங்கும் ஓட்டை. "ஓட்டை இல்லம்மா, ஆயிரங்கண்ணு!" என்றார் இசக்கிராஜ். போன வருஷம்வரை பழைய ஃபேன் விற்றவர், இப்போது கொடிச்சாமி. மாலையில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து செடிக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். விடியலில் இலை நுனியில் துளிர்க்கும் கண்ணீரைச் சாமி ஸ்பூனில் பிடித்துக் கொடுப்பார். சகல வியாதியும் தீருமாம். மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அம்மனுக்குப் போட்டி பிடிக்காதாம்!

சீனியம்மாள் ஒருநாளும் தவறியதில்லை. அரை மணி நேரம் வருகிற குழாய்த் தண்ணீரில் முதல் செம்பு செடிக்குத்தான். கணவர் நயினாரின் சர்க்கரை மாத்திரை பரணேறிப் பதினைந்து நாள். செருப்புக் கடித்த அவர் கால்புண் அன்றிலிருந்து ஆறவேயில்லை.

நயினாரின் தங்கை விஜயலட்சுமிக்குச் செம்பூர் ஆபீஸ் ஒன்றில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் வேலை. அண்ணன் காலைப் பார்த்தவள், மறுநாள் விடியலில் கண்ணீர் வாங்கும் வரிசைக்கே வந்துவிட்டாள். செடியைக் கண்டதும் சிரிப்பு.

"மதினி, இது மான்ஸ்டெரா, அழகுக்கு வைக்கிற செடி. எங்க ஆபீஸ் லிஃப்ட் பக்கத்துல ஏழு நிக்கி. ஒண்ணுக்குக்கூட நாங்க சூடம் காட்டல."

"ஏட்டி, வாயக் கழுவு! அம்மன் அழுதால்லா?"

விஜயலட்சுமி தொட்டி மண்ணில் விரலை விட்டாள். ஒரே சேறு.

"இம்புட்டுத் தண்ணி குடிச்சா, மிச்சம் இலை வழியாத்தான் சொட்டும். நீங்க ஊத்துன தண்ணியத்தான் உங்களுக்கே ஸ்பூன்ல தாராரு. நாலு நாள் ஊத்தாமப் பாப்போம். அழலைன்னா அண்ணன் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"அம்மன் கோவிச்சுக்கிடுவா!" என்று பதறினார் சாமி.

"எங்கிட்ட கோவிக்கட்டும். தொட்டி மதினி வீட்ல இருக்கட்டும்."

அம்மன் ஜெயிப்பாள் என்று சீனியம்மாள்தான் முதலில் தொட்டியைத் தூக்கினாள். கண்கொட்டாமல் காவல் காத்தாள். "அழு தாயே" என்று கெஞ்சினாள். இரண்டு நாள் சொட்டியது. சாமி தெருவெல்லாம் மார்தட்டினார். நாலாம் நாள் ஒரு துளி இல்லை. அன்று மாலை சீனியம்மாளே இரண்டு குடம் ஊற்றினாள், சாமியும் இல்லாமல் சூடமும் இல்லாமல். விடிந்து பார்த்தால் செடி பொலபொலவென்று அழுகிறது!

அவளுக்கு வந்ததே கோபம்! பரணிலிருந்து மாத்திரையை இறக்கினாள். "இந்தாங்க, போட்டுக்கிட்டுக் கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு!" அம்மன் அழுதாளா என்று சாமியோடு அவள் வாசலில் காத்திருந்த வரிசையின் நடுவே போய் நின்றாள். "எஞ் செம்புத் தண்ணிய எனக்கே தீர்த்தம்னு குடுத்தீரே, அந்தப் புண்ணப் பாரும்!"

"அம்மன் இப்ப ஒங்க வீட்ல குடியேறிட்டா..." என்று இழுத்தார் இசக்கிராஜ். கூட்டம் சிரித்த சிரிப்பில் மறுவாரமே ஃபேன் வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டார்.

செடி இப்போது சீனியம்மாள் வீட்டு ஜன்னலோரம் சௌக்கியம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர். நாமும் அவ்வப்போது நம் தலையைத் தட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. அங்கேதான் ரொம்ப நாளாக யாரும் ஒரு சொட்டு அறிவும் ஊற்றவில்லை.