கத்திரிக்காய்க் கெடு

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளியே வந்த ஏட்டையா, வாசலில் விட்டிருந்த செருப்பைக் காணாமல் தேடினார். இடது செருப்பு கத்திரிப் பாத்தியின் நடுவில் மிதந்துகொண்டிருந்தது. வலது செருப்பு இன்னும் கெட்டிக்காரச் செருப்பு. வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

"இங்க வாயேன்! மறுபடியும் வந்துடுச்சு!" என்று கத்தினார்.

"யாரு, விருந்தாளியா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி.

"தண்ணி!"

"ஓ, அதுவா," என்றபடி அவள் நிதானமாக வந்து நிலைப்படியில் நின்று பார்த்தாள். காலையில் காய்ந்து கிடந்த நிலம் இப்போது கணுக்கால் ஆழத்துக்குக் குளமாகியிருந்தது. போன வாரம் வாங்கி நட்ட நாற்றுகள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. "அடடா, பாவம்," என்றாள். அதற்குமேல் என்ன சொல்ல முடியும்?

முப்பத்தொரு வருஷம் நகரத்து நாற்சந்திகளில் நின்று போக்குவரத்தை ஒழுங்கு செய்து, தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர் அவர். அத்தனை வருஷமும் புகையை விழுங்கிக்கொண்டே ஒரு துண்டு பச்சை நிலத்தைக் கனவு கண்டார். இப்போது ஒரு ஏக்கரும், அதன் மூலையில் இரண்டு அறை ஓட்டு வீடும் வாங்கியாயிற்று. வந்த மறுநாளே ஊர்க்காரர்கள் அவரை ஏட்டையா ஆக்கினார்கள். அந்த வழியில் மனைவி ஏட்டம்மா ஆனாள்.

ஏட்டம்மாவுக்கு இந்தக் கனவில் பங்கு கிடையாது. நாலாவது மாடி பிளாட், கீழே கடை, எதிர் பிளாட்டில் தங்கை என்று அவள் வாழ்க்கை சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் அவள் சண்டை போடவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"மூணு மாசம் கெடு. அதுக்குள்ள இந்த மண்ணுல விளைஞ்ச ஒரே ஒரு கத்திரிக்காயை என் கையில குடுங்க. ஆயுசுக்கும் இங்கேயே இருக்கேன். இல்லேன்னா பேசாம பிளாட்டுக்கே திரும்பிடணும்."

"ஒண்ணா? மூட்டையாத் தரேன் பாரு! ஊருக்கே சொல்லி அனுப்பறேன்."

"நீங்க எதுக்குச் சொல்லணும்? கத்திரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும். முதல்ல காய்க்கட்டும்."

பிளாட்டை வாடகைக்கு விடலாம் என்று அவர் சொன்னதற்கு மட்டும், "மூணு மாசம்தானே, பூட்டியே இருக்கட்டும்," என்றுவிட்டாள். வந்து இறங்கியதும் சமையலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதி எட்டு அட்டைப் பெட்டிகளைக் கயிறு பிரிக்காமல் பரணில் ஏற்றினாள்.

அவர் பயந்தது போல அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. தினமும் விடிந்ததும் தூக்குப் பாத்திரத்தோடு பாலம் சுற்றி அக்கரைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தாள். அக்கரை என்பது வீட்டுக்கு எதிரே ஓடும் பெரிய வாய்க்காலின் மறுகரை. அங்கேதான் மடையும் மடைக்காரரும். பார்த்தால் கூப்பிடு தூரம்தான். ஆனால் தண்ணீர் விழுகிற இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. பாலமோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி. நாற்சந்தியில் நின்று நின்று தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஏட்டையா அவ்வளவு தூரம் போவதற்கில்லை.

முதல் வாரம் பால் வாங்கி வந்த ஒரு நாள்தான் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அந்த மடைக்காரர் தினம் காலையில உங்களையே பாத்துக்கிட்டு நிக்கறார். நீங்க பாட்டுக்குப் பிடிச்சு வெச்ச மாதிரி நிக்கறீங்க. ஒரு கையைத் தூக்கி வணக்கம் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? ஊரோட ஒத்து வாழ வேண்டாமா?"

ஏட்டையா நெகிழ்ந்து போனார். ஊரோடு ஒத்து வாழ்வதைப் பற்றி இவளா பேசுகிறாள்! மறுநாள் காலையிலிருந்து சரியாக ஆறரை மணிக்கு வரப்பில் நின்று வலது கையை உயரத் தூக்கினார். மடைக்காரரும் உடனே கையைத் தூக்கிவிட்டு, என்னவோ வேலை நினைவு வந்தவர் போல ஓடினார். நல்ல மனுஷன், சுறுசுறுப்பானவன் என்று ஏட்டையா நினைத்துக்கொண்டார்.

செருப்பு மிதந்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். பத்து மணிக்கு மேல் வேலியோரம் மண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளித்து வரும். மத்தியானத்துக்குள் நிலம் நிறைந்துவிடும்.

"ஊத்துக்கண் திறந்திருக்கு," என்று முடிவு செய்தார் ஏட்டையா. இரண்டு ஆளை வைத்து வடிகால் வெட்டினார். தண்ணீர் சொன்ன பேச்சைக் கேட்டு வடிகாலில் இறங்கி, நேராக வீட்டுக்குள் வந்து அவருடைய கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது. நிலத்தில் பள்ளமான இடம் வீடுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வடிகாலை மூடிவிட்டு, நிலத்தைச் சுற்றி முட்டளவுக்கு வரப்பை உயர்த்தினார். தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கத்தான். ஆனால் உள்ளே வந்த தண்ணீர் இப்போது வெளியே போக வழியில்லாமல் தங்கிவிட்டது. முதல் தடவை நட்ட நாற்று அழுகியது. இரண்டாம் தடவை வாங்கி நட்டார். அதுவும் அழுகியது. மூன்றாம் தடவையும் நட்டார்.

பக்கத்து நிலத்து டிராக்டர்காரர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன ஏட்டையா, நெல்லு போடப் போறீங்களா?"

"இல்ல, கத்திரி."

டிராக்டர்காரர் தண்ணீரைப் பார்த்தார். நாற்றைப் பார்த்தார். "புது முறை போலிருக்கு," என்று மரியாதையாகச் சொன்னார்.

"முறையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! ஊத்துத் தண்ணிய்யா, நிக்கவே மாட்டேங்குது."

"ஊத்தா? இது வாய்க்கால் தண்ணியாச்சே. மண்ணுக்குள்ள குழாய் வருது. மடையில திறந்தா இங்க வந்துடும். நாங்கல்லாம் தண்ணிக்குத் தவம் கிடக்கறோம், உங்களுக்குக் கொட்டுது. கொடுத்து வெச்சவர்."

ஏட்டையா அன்று சாயங்காலமே மண்ணைத் தோண்டிக் குழாயின் வாயைக் கண்டுபிடித்துவிட்டார். கோணிப்பையைச் சுருட்டித் திணித்தார். போதாதென்று தன் பழைய காக்கி பேண்ட் இரண்டையும் அதற்குமேல் வைத்து இறுக்கி, ஒரு பாறாங்கல்லையும் நிறுத்தினார். மறுநாள் காலை வழக்கம்போல மடைக்காரருக்குக் கை தூக்கிவிட்டு, இன்றைக்கு என்ன செய்கிறது பார்ப்போம் என்று காத்திருந்தார். பத்தரை மணிக்குக் குழாய் நடுவில் உடைந்து, குளியலறைத் தரையைப் பிளந்துகொண்டு இடுப்பு உயரத்துக்கு நீரூற்று எழும்பியது. அப்போது அவர் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

குழாயைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆனது. கெடுவில் பாதி கரைந்துவிட்டது.

"நீ பால் வாங்கப் போறப்ப மடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்," என்று மனைவியைக் கெஞ்சினார். "எனக்குத் தண்ணி வேண்டாம், நிறுத்திடச் சொல்லு."

"சொல்லாம இருப்பேனா?" என்றாள் ஏட்டம்மா.

மறுநாள் பாலோடு பதிலும் வந்தது. "மேலதிகாரிங்க உத்தரவாம். அவர் கையில எதுவும் இல்லையாம். ஆனா வேண்டப்பட்ட மனுஷங்களா இருந்தா பாத்துச் செய்வாராம். அதனால நீங்க ஒத்தைக் கையால அசட்டையா வணக்கம் வைக்காதீங்க. ரெண்டு கையையும் தலைக்கு மேல நல்லாத் தூக்குங்க."

ஏட்டையா இரண்டு கையையும் தூக்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"இனிமே வணக்கமாவது ஒண்ணாவது!" என்று அவருக்கு ரத்தம் கொதித்தது. "என் தொழிலே நிறுத்தறதுதான். எத்தனை லாரியை நிறுத்தியிருக்கேன்! இந்தத் தண்ணியை நிறுத்த முடியாதா? அந்த ஆளுக்குப் புரியற மாதிரி 'நிறுத்து'ன்னு நேராவே காட்டறேன்."

"அதான் சரி," என்றாள் ஏட்டம்மா. "உங்க வெள்ளைக் கையுறை பெட்டியிலதான் இருக்கு, எடுத்துத் தரட்டுமா? தூரத்துலேர்ந்து பளிச்சுன்னு தெரியும். விசிலும் இருக்கு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டுப் பெட்டியில் எந்தப் பெட்டி என்றுகூடத் தேடாமல், நேராகப் பரணில் ஏறி ஒரே நிமிஷத்தில் எடுத்துத் தந்தாள். வேண்டாத நிலத்துக்கு வந்தும் இப்படித் தோள் கொடுக்கிற மனைவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? இத்தனை வருஷம் இவளைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையே என்று அவருக்கு உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது.

வெள்ளைக் கையுறையோடு வரப்பில் விறைப்பாக நின்று, அடிவயிற்றிலிருந்து விசில் ஊதி, இரண்டு உள்ளங்கைகளையும் வானத்துக்கு உயர்த்தினார். எந்த நகரத்திலும் எந்தப் பேருந்தும் அந்தச் சைகையை மீறிப் போனதில்லை. அக்கரையில் மடைக்காரர் துள்ளிக் குதித்தார். தலைப்பாகையைக் கழற்றி வீசி ஆட்டினார். அப்புறம் ஓடினார்.

அன்றைக்கு டிராக்டர்காரர் டிராக்டரோடு வந்து அவர்களை வீட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஏட்டையா வரப்புப் பக்கமே போகவில்லை. விரக்தியில் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். என்ன ஆச்சரியமோ, நிலமும் காய ஆரம்பித்தது. எருக்குவியலின் மேட்டில் எப்படியோ ஒதுங்கிய ஒரே ஒரு கத்திரிச் செடி உயிர் பிழைத்திருந்தது. அது பூத்தது. ஏட்டையா பகலெல்லாம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கெடு முடிகிற நாளன்று காலையில் அதில் கட்டை விரல் அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு காய் மினுமினுத்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று சின்னப் பிள்ளை போலக் குதித்தார். "பறிச்சுத் தரேன், வாங்கிக்க!"

ஏட்டம்மா குனிந்து காயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இது சுண்டைக்காய்க்குத் தம்பி. சாயங்காலம் வரைக்கும்தான் நேரம் இருக்கே, கொஞ்சம் பெருக்கட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"அதுவும் சரிதான்."

"ஒண்ணு சொல்லட்டுமா? இத்தனை நாளா தண்ணி வராம இருந்ததே, அது யாரு புண்ணியம்? அந்த மனுஷன் நம்ம மேல இரக்கப்பட்டு நிறுத்தியிருக்கார். நன்றி சொல்ல வேண்டாமா? நல்லாத் தெரியற மாதிரி சொல்லுங்க. விசிலை மறந்துடாதீங்க."

நன்றி மறப்பவர் அல்ல ஏட்டையா. கையுறையை மாட்டிக்கொண்டு போய், விசில் ஊதி, இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணீர் மல்க நன்றி சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு எருக்குவியல் கரைந்தது. கத்திரிச் செடி காயோடு கிளம்பி, என்றைக்கோ போன வலது செருப்பைத் தேடுவது போல வேலியைத் தாண்டிப் போயிற்று. ஏட்டையா முழங்கால் வலியையும் மறந்து தண்ணீரில் பத்தடி துரத்தினார். பிறகு நின்றுவிட்டார். தோற்றுப்போனோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"விடுங்க, மனசை விட்டுடாதீங்க," என்று ஏட்டம்மா அவர் தலையைத் துவட்டினாள். "நம்மளும் எவ்வளவோ பாத்துட்டோம்."

மறுநாள் வேன் வந்தது. சாமான் ஏற்ற அரை நாளாகும் என்று டிரைவர் சொல்லியிருந்தார். கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெட்டிகள்தான் கட்டினபடியே இருந்தனவே. ஏட்டம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, தங்கைக்கு போன் போட்டாள். ஏட்டையா கடைசியாக ஒரு தடவை வரப்பில் நின்று நிலத்தைப் பார்த்தார்.

அப்போது சைக்கிளை மிதித்துக்கொண்டு மூச்சிரைக்க ஒருவர் வந்து சேர்ந்தார். தலைப்பாகையைப் பார்த்ததும்தான் மடைக்காரர் என்று தெரிந்தது. கிட்டத்தில் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"என்ன ஏட்டையா, கிளம்பிட்டீங்கன்னு சொன்னாங்க! என்மேல ஏதாவது வருத்தமா? தண்ணி பத்தலையா?"

"பத்தலையாவா? என் கத்திரிக்காயே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சேய்யா!"

மடைக்காரர் திகைத்தார். "நீங்க கேட்டதைத்தானே குடுத்தேன்? ஒரு கை தூக்கினீங்க, மடையில ஒரு பலகையைத் தூக்கினேன். ரெண்டு கை தூக்கினீங்க, ரெண்டு பலகை. விசில் வேற ஊதினீங்க, மூணாவதையும் தூக்கிட்டேன். இத்தனை வருஷத்துல மூணு பலகையும் கேட்ட மனுஷன் நீங்க ஒருத்தர்தான்! நடுவுல கொஞ்ச நாள் கேக்கல, நானும் மூடிட்டேன்."

"நான் எப்பய்யா கேட்டேன்?"

"அந்த இரைச்சல்ல பேச்சு காதுல விழுமா? எல்லாம் கை ஜாடைதான். கையை மேல தூக்கினா திற. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழ இறக்கினா மூடு."

"முப்பத்தொரு வருஷம் நான் கை தூக்கினா எல்லாம் நிக்கும்யா!"

"இங்க கை தூக்கினா ஓடும்ங்க."

ஏட்டையா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மாதம், மூன்று நடவு, ஒரு குளியலறை, ஒரு கத்திரிக்காய் எல்லாம் அவர் கண் முன்னால் மிதந்து போயின.

"வந்த அன்னைக்கே இதை யாராவது ஒருத்தர் எங்க வீட்டுல சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

வேனில் ஏட்டம்மாவுக்கு அவசரம். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, பேசினது போதும் என்பது போல மெல்லக் கீழே இறக்கிக் காட்டினாள்.

மடைக்காரர் முகம் மலர்ந்தது.

"சொல்லாம என்ன? பால் வாங்க வந்த முதல் வாரமே அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டேனே! அதோ பாருங்க, எவ்வளவு அழகா மூடச் சொல்றாங்க!"